தோல்வியே இல்லாத தேர்வு

ஆல்டன்வில் பல்கலைக்கழகத்தின் லத்தீன் துறை புது மாணவர்களுக்கு அனுப்பும் கடிதத்தை இருபத்திரண்டு வருடங்களாக நான்தான் தட்டச்சு செய்கிறேன். தேதியை மாற்றலாம், பெயரை மாற்றலாம். ஒரே ஒரு வரியில் மட்டும் கை வைக்கக் கூடாது. ‘தரமறி தேர்வைக் கண்டு அஞ்ச வேண்டாம், இதில் இதுவரை யாரும் தோற்றதில்லை.’ அந்த வரி முழு உண்மை. யாரும் தேறியதும் இல்லை என்று சேர்த்து எழுதும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததை எழுதுவது என் வேலையும் அல்ல.

மார்லா நவோட்னி ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் மேசைக்கு முன் வந்து நின்றாள். நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து ஒன்றரை நாள் பஸ்ஸில் வந்தவள். பதினெட்டு வயது, உள்ளங்கையெல்லாம் காய்ப்பு, சட்டைப் பையில் தேர்வுக்காகக் கூராகச் சீவிய பென்சில் இரண்டு. பென்சிலோடு யாராவது வந்தால் நான் உடனே அவர்கள் கோப்பைத் தேடி எடுத்துவிடுவேன்.

“சார், லத்தீன் டெஸ்ட் எழுதணும்னு லெட்டர் வந்துச்சு. எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஏம்மா, அவசரமா?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கெமிஸ்ட்ரி வகுப்புல பேர் பதியணும் சார். உங்க ஆபீஸ் முத்திரை இல்லாம பேர் எடுக்க மாட்டாங்களாம்.”

அவளுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். முதல் பருவத்திலேயே வேதியியலில் சேர வேண்டும் என்பது நிபந்தனை. சேராவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். இது எனக்கு முன்பே தெரியும். ஒவ்வொருவருக்கும் வெள்ளிக்கிழமைக்குள் என்ன வேண்டும் என்பதை அவர்கள் கோப்பில் முதல் பக்கத்திலேயே குறித்து வைப்பது துறையின் வழக்கம்.

அவளுடைய விண்ணப்பம் என் முன்னால் இருந்தது. ‘லத்தீன் படித்ததுண்டா?’ என்ற கேள்விக்கு, ‘நான்கு வருடம்’ என்று அழுத்தமாக எழுதியிருந்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். ஆறு வருடம் லத்தீன் படித்து, அதில் பாட்டே எழுதக் கூடியவன்கூட ‘இல்லை’ என்று போட்டுவிட்டு, ஒரு வார்த்தைகூட அறியாத முகத்தோடு ஸ்பானிய மொழியின் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்வான். ஏற்கெனவே லத்தீன் படித்தவர்களின் அளவைப் பார்க்கத்தான் தரமறி தேர்வு; ‘இல்லை’ என்று எழுதியவர்களுக்கு நான் அங்கேயே முத்திரை குத்தி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அண்ணனோ அக்காவோ முன்னமே இங்கே படித்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மார்லா வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

“நாலு வருஷம் நிஜமா படிச்சியா?” என்று கேட்டேன். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆமா சார். எங்க ஸ்கூல்ல மிஸஸ் போஹாச்னு ஒரு டீச்சர். படிச்சது நான் ஒருத்திதான். அவங்க மதியச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து சொல்லிக் கொடுப்பாங்க. பஸ் ஏத்திவிட வந்தப்போ அவங்களோட அகராதியைக்கூட எனக்குக் குடுத்துட்டாங்க.”

பெருமையாகச் சொன்னாள். எனக்கு அவள் மேல் அப்போதே இரக்கம் வந்துவிட்டது.

இந்தத் துறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பேராசிரியர்கள் மூன்று பேர். வகுப்புகள் கிடையாது. இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் இருந்த டீன், பத்து மாணவருக்குக் குறைந்த துறைகளை இழுத்து மூடுவேன் என்றார். பேராசிரியர் ஆஷ்கோம் அப்போதுதான் துறைத் தலைவர் ஆகியிருந்தார். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பதினோரு நாள் அறைக்குள் இருந்தார். தரமறி தேர்வு எழுதிக்கொண்டிருப்பவரும் துறையின் மாணவரே என்று அதில் ஒரு வரி இருந்தது. வகுப்பில் சேர்ந்தவன் இரண்டு வருடத்தில் போய்விடுவான். தேர்வு எழுதிக்கொண்டிருப்பவன் தேர்வு முடிந்தால்தானே போவான்? அன்றிலிருந்து துறையில் தேர்வு மட்டுமே நடக்கிறது.

கீழ்த்தளத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். என்னோடு ஒன்பது. நானும் ஒரு காலத்தில் பென்சிலோடு வந்தவன்தான். இரண்டாம் பகுதி முடிந்து மூன்றாம் பகுதிக்குத் தேதி குறிக்கும்வரை இந்த மேசையில் உட்காரச் சொன்னார்கள். தேதி குறித்ததும் தெரிவிப்பார்கள். பத்தாவதாக இருந்த கால்வின் என்பவன் ஏப்ரல் மாதம் தீ ஒத்திகை நடந்தபோது எல்லாரோடும் புல்வெளியில் வந்து நின்றான். மணி அடித்ததும் எல்லாரும் உள்ளே திரும்பினார்கள். அவன் எதிர்த் திசையில் நடந்துகொண்டே இருந்தான். அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் தீ ஒத்திகை கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை டீன் தலை எண்ண வருவதாக இருந்தது.

மார்லா முதல் பகுதியை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஒரு படை ஆற்றைக் கடக்கிற பத்தி. இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தோம். பேராசிரியர் ஆஷ்கோம் ஆகஸ்ட் வெயிலிலும் கழற்றாத கம்பளிக் கோட்டோடு வந்து தாளை வாங்கி நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

“ஒரு தப்புகூட இல்ல.”

“ரொம்ப நன்றி புரொபசர்,” என்றாள் மார்லா.

“அதுதாம்மா எனக்குக் கவலையா இருக்கு. நாளைக்கு ரெண்டாம் பகுதி வச்சுப் பார்ப்போம். ஃபென்விக், இவங்களைக் கீழே கூட்டிட்டுப் போங்க. காத்திருக்கிற அறையைக் காட்டுங்க.”

படிக்கட்டில் இறங்கும்போது மார்லா என்னிடம், “தப்பில்லாம எழுதுறது தப்பா சார்?” என்று கேட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னேன். அந்தப் படியில் பல்ப் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

கீழ்த்தள அறையில் நீள மேசை, பத்து நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம். எட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து அவளைப் பார்த்தன, பிறகு பத்தாவது நாற்காலியைப் பார்த்தன. டெஸ்மண்ட் மட்டும் எழுந்து அந்த நாற்காலியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். அவருக்கு முப்பத்துமூன்று வயது. பதினெட்டு வயதில், நிலவியல் படிக்கிறேன் என்று வந்தவர். பெட்டியில் கொண்டுவந்த பாறைத் துண்டுகள் இன்னும் சன்னல் ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன.

“உக்காரும்மா. என்ன படிக்க வந்த?”

“மாட்டு டாக்டருக்கு.”

“நல்ல படிப்பு. எனக்கு முன்னாடி வந்த பொண்ணு விமானம் ஓட்டப் போறேன்னுச்சு.” மேசைக் கோடியில் நரைத்த தலையோடு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். “அதோ, அதுதான்.”

மார்லா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அண்ணே, நீங்க எந்தப் பகுதியில இருக்கீங்க?”

“மூணாம் பகுதிக்குக் காத்துக்கிட்டிருக்கேன்.”

“நல்லா எழுதினா சந்தேகப்படறாங்கன்னா, வேணும்னே தப்பா எழுதிட்டா விட்டுருவாங்களா?”

“அதையும் பார்த்தாச்சு. ரெண்டாம் பகுதியில நான் ஒரு வார்த்தைகூட சரியா எழுதல. ‘இவ்வளவு சுத்தமா தப்பு பண்ண, நல்லாத் தெரிஞ்சவனாலதான் முடியும்’னு ஆஷ்கோம் என் தோள்ல தட்டிக் குடுத்தாரு. பேசாம சரியாவே எழுதிடு. கையாவது வலிக்காம இருக்கும்.”

அன்று மாலை அவள் கிளம்புவதற்கு முன் என் மேசைக்கு வந்தாள். அவர்கள் மாவட்டத்துக்கே ஒரு கால்நடை மருத்துவர்தானாம். எழுபத்தொன்பது வயது, கை நடுங்குமாம். மார்ச் மாதம் அவள் மாமாவின் தொழுவத்தில் ஒரு கிடாரிக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது. மருத்துவர் வர இரண்டு மணி நேரம் ஆனது. தாயும் கன்றும் இவள் மடியிலேயே போய்விட்டன.

“என்ன செய்யணும்னு தெரிஞ்சிருந்தா நானே காப்பாத்தியிருப்பேன் சார். என் கை சின்னக் கை, உள்ள போயிருக்கும். தெரியல, அவ்வளவுதான். அதைக் கத்துக்கத்தான் வந்தேன். லத்தீன் எல்லாம் எனக்குப் பிடிச்சிருந்தது, படிச்சேன். அதுக்காக என்னை எதுக்கு இங்க உக்கார வைக்கிறாங்க?”

மேசைக்கு மேல் அந்தக் கையை நீட்டிக் காட்டினாள். இந்த மூன்று பேராசிரியர்கள் மேலும் அப்போது வந்த கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. நாளை சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை இரண்டாம் பகுதியையும் அவள் பிழையின்றி முடித்தாள். தாளின் அடியில் நாணய உறுதிமொழி அச்சிட்டிருக்கும். ‘இந்தத் தேர்வில் நான் எவரிடமிருந்தும் எந்த உதவியும் பெறவில்லை.’ அமெரிக்காவில் பாதிப் பல்கலைக்கழகங்களில் இந்த வரி உண்டு. மாணவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் அதன் கீழே கையெழுத்துப் போடுவார்கள். மார்லா படித்தாள். கையைத் தூக்கினாள்.

“மிஸ்டர் ஃபென்விக், மிஸஸ் போஹாச் நாலு வருஷம் சொல்லிக் கொடுத்தாங்களே. அது உதவிதானே?”

“கையெழுத்து மட்டும் போடும்மா.”

“எந்த உதவியும்னு போட்டிருக்கே சார். பொய்யாயிடுமே.”

கையெழுத்துக்கு முன்னால் அழகான எழுத்தில் ‘திருமதி போஹாச் தவிர’ என்று எழுதிவிட்டு, பிறகு கையெழுத்துப் போட்டாள். அந்த மூன்று சொற்களைப் பார்த்ததும் பேராசிரியர் விட்லாக் அம்மையார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்குள் நாணயக் குழு கூடுவதாக அறிவிப்பு வந்தது. குழு என்பது அதே மூன்று பேர்தான். அன்றைக்கு மட்டும் கறுப்பு அங்கி போட்டுக்கொள்வார்கள்.

வியாழன் காலை மார்லாவை மூன்று அங்கிகளுக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்தோம். குறிப்பெடுக்க நான் இருந்தேன். ஆஷ்கோம் தொடங்கினார்.

“இது விசாரணை இல்லம்மா. பயப்படாதே. இந்தப் பல்கலைக்கழகம் மனுஷனைச் சுதந்திரமா சிந்திக்கப் பழக்குது. சுதந்திரமா சிந்திக்கிற ஒருத்தருக்கு வெளிய போகணும்னு எண்ணம் ஏன் வரணும்? அதைத்தான் நாங்க இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றோம்.”

விட்லாக் அம்மையார் கண்ணாடியைத் துடைத்தபடி பேசினார். “எனக்கு இதுல குழப்பமே இல்ல. ஒருத்தர் உதவியால லத்தீன் தெரிஞ்சுதுன்னா உறுதிமொழி பொய். யார் உதவியும் இல்லாமத் தெரிஞ்சுதுன்னா, அதை யாரும் நம்ப முடியாது. தெரியவே தெரியாதுன்னா இந்தத் தேர்வுக்கே வந்திருக்கக் கூடாது. நீ இந்த மூணுல எதும்மா?”

மார்லா யோசித்தாள். “மேடம், நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?”

விட்லாக் அம்மையார் ஆஷ்கோமைப் பார்த்தார். ஆஷ்கோம் என்னைப் பார்த்தார்.

“அந்தக் கேள்வி மூணாம் பகுதியைச் சேர்ந்தது. குறிப்புல எடுத்துராதீங்க ஃபென்விக்,” என்றார்.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் பெல்ஹாம் கண் விழித்தார். அவருக்கு எண்பத்து நான்கு வயது.

“இப்போ நாம எத்தனை பேரு?”

“ஒன்பது, சார்,” என்றேன்.

“இந்தப் பொண்ணு நல்லா எழுதுதா?”

“ரொம்ப நல்லா.”

“அப்போ இருக்கட்டும்,” என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

தீர்ப்பு அவ்வளவுதான். மூன்றாம் பகுதியின் தேதி வசந்த காலத்தில் பரிசீலிக்கப்படும். மார்லா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல என் இடம் போயிடும் புரொபசர்! நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“நீ எந்தத் தப்பும் செய்யலம்மா. செஞ்சிருந்தா அனுப்பியிருப்போமே. கெமிஸ்ட்ரிக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, அது எங்கயும் போயிடாது. லத்தீனுக்கு யாரு இருக்கா? நீ உன்னையே நினைக்கிறே. ரெண்டாயிரம் வருஷத்தை யாரு நினைக்கிறது?”

ஆஷ்கோம் கண் கலங்கியது. அவர் நடிக்கவில்லை. தம் குரலைத் தாமே கேட்டுக் கலங்குகிற பழக்கம் அவருக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பேராசிரியர்கள் தேநீர் குடிக்க மாடிக்குப் போனார்கள். நான் கீழே இறங்கி மார்லாவைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். அவள் அழுதிருந்தாள். பென்சில் இரண்டையும் ஒடித்துப் போட்டிருந்தாள்.

“ஒரு வழி இருக்கு,” என்றேன். “யார்கிட்டயும் சொல்லக் கூடாது. புதுசா ஒரு விண்ணப்பம் தர்றேன். லத்தீன் படிச்சதுண்டான்னு கேக்குற இடத்துல ‘இல்லை’ன்னு போட்டுக் கையெழுத்துப் போடு. நான் முத்திரை குத்தி அனுப்பிடறேன். பழைய விண்ணப்பம் காணாமப் போயிடும்.”

“படிச்சிருக்கேனே சார்.”

“தெரியும்.”

“அப்போ மிஸஸ் போஹாச்?”

“அவங்க ஆயிரத்து முந்நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. யாரு போய் சொல்லப் போறா?”

தாளைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். இரண்டு தடவை பேனாவை வைத்து எடுத்தாள். இந்தப் பெண் தன் வாழ்க்கையில் அதுவரை ஒரு தாளிலும் பொய் எழுதியதில்லை என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில், “அந்தக் கிடாரி என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு சார்,” என்று மட்டும் சொன்னாள். ‘இல்லை’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். மணி நாலு முப்பத்தைந்து.

“நீ கெமிஸ்ட்ரி கட்டடத்துக்கு ஓடு. வரிசையில நில்லு. அஞ்சு நிமிஷத்துல முத்திரையோட தாள் அங்க வந்துடும்.”

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க செஞ்ச உதவியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் சார்.”

படியேறி ஓடினாள். இருட்டுப் படியில் இடறினாள், நிற்கவில்லை.

நான் மெதுவாக மேசைக்குத் திரும்பினேன். முத்திரை மேசை மேல் அதன் இடத்தில் இருந்தது. இடது பக்கக் கீழ் இழுப்பறையைத் திறந்து, மார்லாவின் பழைய விண்ணப்பத்தையும் புதிய விண்ணப்பத்தையும் ஒரே கிளிப்பில் மாட்டி உள்ளே வைத்தேன். ஒன்றில் நான்கு வருடம் என்று இருந்தது. மற்றதில் இல்லை என்று இருந்தது. இரண்டிலும் அவள் கையெழுத்து. அதற்கு அடியில் டெஸ்மண்டின் இரண்டு தாள்கள் இருந்தன. அதற்கும் அடியில் விமானம் ஓட்ட வந்த பெண்ணின் இரண்டு தாள்கள். எட்டுப் பேருடையதும் இருந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டதே இல்லை, அவ்வளவு வெட்கம். கீழ்த்தளக் கதவுக்குப் பூட்டு கிடையாது. கிளம்பிப் போகிறவரின் இரண்டு தாள்களும், பொய் எழுதியவர் என்ற குறிப்போடு, நாட்டில் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பப்படும் என்பது விதி, அதனால் பூட்டு தேவைப்படவில்லை. கால்வினுடையதை நானே அஞ்சலில் சேர்த்தேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சளாகிப் போன இரண்டு தாள்கள் என்னுடையவை. எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர் மிகவும் நல்ல மனிதர். என்னையும் வராந்தாவுக்குத்தான் கூப்பிட்டார்.

மார்லா மேல் எனக்கு இருந்த இரக்கம் பொய்யில்லை. ஆனால் ஒன்பது என்று டீன் எழுதிக்கொண்டால் துறையை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் என் மூன்றாம் பகுதியை யார் நடத்துவார்கள்? முடிவு தெரியாமல் நான் எப்படிப் போவது?

ஐந்தே காலுக்கு அவள் திரும்பி வந்தாள். “முத்திரை வரவே இல்லை சார். மூடிட்டாங்க. அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க,” என்றாள். நான் இழுப்பறையைத் திறந்து காட்டினேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். குனிந்து தன் கையெழுத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு, கைப்பிடியைப் பிடிக்காமல் கீழே இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டீன் வந்தார். சுறுசுறுப்பான மனிதர், எல்லாரிடமும் கை குலுக்குவார். கீழ்த்தளத்தில் மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். என்னையும் எண்ணினார். பத்தாவது நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

“புதுசா வந்திருக்கீங்களா? சந்தோஷம். எப்படிம்மா இருக்கு இங்க? எல்லாரும் உதவியா இருக்காங்களா?”

மார்லா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு டீனைப் பார்த்தாள்.

“இல்ல சார். நான் இங்க யார்கிட்டயும் எந்த உதவியும் வாங்கல.”

உடன் வந்திருந்த ஆஷ்கோமின் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தீங்களா டீன்? ஒரு வாரம்கூட ஆகல. நாணய உறுதிமொழியை மனப்பாடமாச் சொல்றா!”

டீன் பாராட்டித் தலையசைத்தார். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பத்து என்று எழுதிக்கொண்டார்.